ஒரு நாள் மட்டும் நினைவிருக்கும் கேமரா



"தவறு செய்யாதவனுக்குக் கேமராவைக் கண்டு என்ன பயம்?" இந்தக் கேள்வியை மேலப்பாளையத்துத் தேநீர்க் கடைகளில் கேட்டிருக்கிறோம். பேட்டையில் அஸர் தொழுகை முடிந்து ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து பேசும் பெரியவர்களிடமும் கேட்டிருக்கிறோம். உடனே மறுபக்கத்திலிருந்து இன்னொரு குரல் எழும்: "எல்லாம் நம்மைக் குறிவைத்துத்தான் மாட்டுகிறார்கள்." இவ்விரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டால் பேச்சு முடிந்துவிடுகிறது. இரண்டுமே யோசிக்கும் வேலையை நமக்கு மிச்சப்படுத்தித் தருகின்றன.

கேமராவால் நன்மை இல்லை என்று நாம் சொல்லவில்லை. கழுத்துச் சங்கிலியைப் பறித்தவன் பிடிபட்டதும், மோதிவிட்டு நிற்காமல் சென்ற வண்டியின் எண் கிடைத்ததும், சந்தையில் வழிதவறிய பிள்ளை போன திசை தெரிந்ததும் தெருக் கேமராக்களால்தான். "மூன்றாவது கண்" என்று சென்னைக் காவல்துறை அதற்குப் பெயர் சூட்டியபோது வணிகர்களும் குடியிருப்போரும் தத்தம் செலவிலேயே மாட்டிக்கொள்ள முன்வந்தார்கள். நம் ஜமாஅத்துகளும் பின்தங்கவில்லை. அந்தக் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அது கண்டது யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, அதைக் காட்டு என்று கேட்கும் உரிமை யாருக்கு உண்டு என்பவைதாம் கேட்க வேண்டிய கேள்விகள். இவற்றுக்கான விடைகளைத் தேட டெல்லிக்கோ அமெரிக்காவுக்கோ போக வேண்டியதில்லை. நம் பொருநை ஆற்றங்கரைக்கு அருகிலேயே இருக்கின்றன.

சாத்தான்குளத்தை எடுத்துக்கொள்வோம். திசையன்விளை, நாசரேத் பக்கம் வியாபாரத்துக்குச் செல்லும் நம்மவர்க்குப் பழக்கமான ஊர். 2020 ஜூன் 19 அன்று, கொரோனா ஊரடங்கு நேரத்தை மீறிக் கடையைத் திறந்து வைத்திருந்தார் என்று கூறி, கைபேசிக் கடை நடத்திய ஜெயராஜ் அவர்களைக் காவலர்கள் நிலையத்துக்கு அழைத்துச் சென்றார்கள். தந்தையைத் தேடி மகன் பென்னிக்ஸ் பின்னால் சென்றார். இருவரும் பின்னர் கோவில்பட்டிக் கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூன் 22 இரவு மகனும், மறுநாள் காலையில் தந்தையும் உயிரிழந்தார்கள். கடை வாசலில் இருவரும் தரையில் உருண்டு புரண்டு தகராறு செய்ததாகவும், அதனால்தான் காயம் ஏற்பட்டது என்றும் முதல் தகவல் அறிக்கை சொன்னது.

பக்கத்துக் கடை ஒன்றில் கேமரா இருந்தது. அதன் பதிவு வெளியே வந்தபோது, அங்கே உருளலும் இல்லை, புரளலும் இல்லை. ஜெயராஜ் நடந்து செல்வதைத்தான் நாடு பார்த்தது. ஒரு வணிகர் தம் சரக்கைக் காக்க மாட்டிய சிறு கேமரா, அரசு முத்திரையோடு எழுதப்பட்ட பொய்யை உடைத்துவிட்டது.

காவல் நிலையத்துக்குள்ளும் கேமரா இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வழக்கைத் தானாக முன்வந்து எடுத்து, கோவில்பட்டி நீதித்துறை நடுவரை அந்நிலையத்துக்கு அனுப்பியது. அவர் அளித்த அறிக்கையில் ஒரு செய்தி உண்டு. அடி உதையின் கொடூரத்தைப் பற்றிய வரிகளுக்கிடையே அது பலர் கண்ணில் படாமல் போயிற்று. நிலையத்துக் கேமராவின் ஹார்டு டிஸ்க் ஒரு டெராபைட் கொள்ளளவு உடையது. பல நாள் பதிவைத் தாராளமாக வைத்திருக்கப் போதுமான இடம். ஆனால் ஒவ்வொரு நாளும் பதிவு தானாகவே அழிந்துவிடும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 அன்று இரவு அந்தச் சுவர்களுக்குள் நடந்ததை அந்தக் கண் கண்டது, விடிந்ததும் மறந்தது. இறுதியில் அன்றிரவு நடந்ததைச் சொன்னது அதே நிலையத்தில் பணியில் இருந்த ஒரு பெண் தலைமைக் காவலரின் வாய்மொழி. அவர் அஞ்சி வாய்மூடியிருந்தால்? இந்தக் கேள்வியை நாம் எளிதில் கடந்து செல்லக் கூடாது. கருவி செய்ய வேண்டிய வேலையை ஒரு தனி மனுஷியின் மனசாட்சி செய்ய வேண்டியதாயிற்று.

யாரோ ஒருவர் அந்த அமைப்பில் "ஒரு நாள்" என்று குறித்திருக்கிறார். அல்லது அப்படி இருந்ததை மாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டில் எதுவாயினும், நம் பக்கம் திரும்பிய கண்களுக்கு இப்படிப்பட்ட மறதி வருவதில்லை. குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம் என்று 2022-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. கைது செய்யப்பட்டவரின் கைரேகை, உள்ளங்கை ரேகை, கருவிழிப் படம், ஒளிப்படம் முதலானவற்றைப் பதிவு செய்ய அது வழிவகுக்கிறது. அப்பதிவை 75 ஆண்டுகள் வைத்திருக்கலாம். முன்பு தண்டனை பெறாத ஒருவர் விடுதலையானால் அழிக்க வேண்டும் என்ற விதிவிலக்கும் அதில் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் இரு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். குடிமகனின் விரல் ரேகைக்கு 75 ஆண்டு. காவலரின் கைத்தடிக்கு ஒரு நாள்.

சாத்தான்குளம் நடந்த அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பை அளித்தது. நம் வீடுகளில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய தீர்ப்பு அது. நாட்டின் ஒவ்வொரு காவல் நிலையத்திலும் வாயில், லாக்கப், நடைவழி, வரவேற்பிடம், ஆய்வாளர் அறை, உதவி ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என ஓரிடமும் விடுபடாமல் கேமரா இருக்க வேண்டும். இரவிலும் தெரிய வேண்டும். ஒலியும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அதற்கான கருவி கிடைக்காவிட்டால், எப்படியும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா பழுதாகாமல் பார்ப்பதும் பதிவைப் பாதுகாப்பதும் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை.

இதற்கு இரண்டே கால் ஆண்டு கழித்து, 2023 மார்ச்சில், தாமிரபரணி தழுவிச் செல்லும் அம்பாசமுத்திரத்திலிருந்து அடுத்த செய்தி வந்தது. விசாரணைக்கு அழைத்து வரப்பட்ட இளைஞர்களின் பற்களைப் பிடுங்கிச் சித்திரவதை செய்ததாக அந்த உட்கோட்டத்தின் உதவிக் காவல் கண்காணிப்பாளர்மீது குற்றச்சாட்டு எழுந்தது. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். அரசு உயர்நிலை விசாரணைக்கு உத்தரவிட்டது. வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போயிற்று. குற்றம் நிரூபணமாகுமா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். நாம் ஒன்றை மட்டும் கேட்கிறோம். உச்ச நீதிமன்றம் சொன்னபடி லாக்கப்பிலும் அதிகாரியின் அறையிலும் ஒலியோடு ஓடும் கேமராவும், அழியாத 18 மாதப் பதிவும் ஒவ்வொரு நிலையத்திலும் இருந்துவிட்டால், இத்தகைய வழக்குகளில் ஏழைக் கூலித் தொழிலாளியின் சொல்லுக்கும் சீருடையின் சொல்லுக்கும் இடையே இத்தனை இழுபறி எதற்கு? குற்றமற்ற அதிகாரியையும் அந்தப் பதிவுதானே காப்பாற்றும்? "தவறு செய்யாதவனுக்கு என்ன பயம்" என்ற கேள்வி, சீருடை அணிந்தவரைப் பார்த்துக் கேட்கும்போதுதான் சரியான இடத்துக்கு வந்து சேர்கிறது.

நிலைமை மாறிவிட்டது என்று நினைப்போருக்கு: காவல் நிலையங்களில் கேமராக்கள் இயங்காமல் கிடப்பது குறித்து 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமே மீண்டும் தானாக முன்வந்து வழக்கெடுக்க நேர்ந்தது. அதே ஆண்டு ஜூன் இறுதியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் காவலர்களின் விசாரணையில் உயிரிழந்தபோது, அவர் அடிக்கப்பட்டதற்குச் சாட்சியாக நின்றது கோயில் ஊழியர் ஒருவர் மறைந்திருந்து கைபேசியில் எடுத்த படம். சாத்தான்குளத்தில் பக்கத்துக் கடைக்காரரின் கேமரா, மடப்புரத்தில் கூட வேலை செய்தவரின் கைபேசி. அதிகாரத்தைப் பார்க்கும் கண்களாக நமக்கு வாய்த்தவை இவைதாம்.

அந்தக் கண்ணையும் மூடிவிட முடியும் என்பதை நாம் ஏற்கெனவே அனுபவித்திருக்கிறோம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 உயிர்கள் போயின. சாதாரண உடையில் ஒருவர் வாகனத்தின்மேல் ஏறி நின்று துப்பாக்கியால் குறிபார்க்கும் காட்சி கைபேசிகளின் வழியே ஊரெல்லாம் பரவியது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தைத் துண்டிக்கும் உத்தரவு வந்தது. வதந்தி பரவாமல் தடுக்க என்றார்கள். அது ரமளான் மாதம். சவூதியிலும் துபாயிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தராவீஹ் முடித்து வீட்டாரின் முகம் பார்த்துப் பேசும் நேரம். அழைப்பு போகவில்லை. ஊரில் துப்பாக்கிச் சூடு என்ற செய்தி அங்கே தொலைக்காட்சியில் ஓடுகிறது, இங்கே உம்மா பத்திரமாக இருக்கிறார்களா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. துப்பாக்கிச் சூடு நடக்காத நெல்லையில், குமரியில் எதற்குத் துண்டிப்பு என்று கேள்வி எழுந்து, இவ்விரு மாவட்டங்களில் தடை முன்னதாகவே விலக்கப்பட்டது. உண்மையில் அன்று பரவியது வதந்தியா, சாட்சியமா? நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, 17 காவல்துறையினர்மீதும் அன்றைய மாவட்ட ஆட்சியர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்திருந்தது. விடையை அதிலேயே தேடிக்கொள்ளலாம்.

இனி முதல் கேள்விக்கு வருவோம். குற்றமற்றவனுக்கு ஏன் அச்சம்? நம் சமுதாயத்துக்கு இதற்கு ஒரு நீண்ட நினைவு உண்டு. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டார்கள். அந்தப் பாதகத்தைச் செய்தவர்களுக்கு மார்க்கத்திலும் இடமில்லை, மனிதத்திலும் இடமில்லை. அந்த வழக்கில் கைதான கேரளத்தின் அப்துல் நாசர் மதனி, ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த பின், 2007 ஆகஸ்டில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டார். ஒன்பது ஆண்டு என்பது ஒரு பிள்ளை பிறந்து குர்ஆன் ஓதி முடிக்கும் காலம். குற்றமற்றவர் என்பது இறுதியில்தான் தெரியவந்தது. சந்தேகப்பட்டியலில் பெயர் ஏறியதோ முதல் நாளிலேயே.

இன்று பட்டியலை எழுத மனிதர் வேண்டியதில்லை. தமிழகக் காவல்துறை 2021 முதல் முகங்களை ஒப்பிட்டு அடையாளம் காணும் மென்பொருளைப் பயன்படுத்துகிறது. கொல்கத்தாவிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசு நிறுவனம் உருவாக்கியது. காணாமல் போனோரைத் தேடவும் பழைய குற்றவாளிகளை இனங்காணவும் உதவும் என்றார்கள், உதவியும் இருக்கலாம். 2024 மே மாதத்தில் அதன் தளத்துக்குள் அந்நியர் புகுந்தனர். நிர்வாகிக் கணக்கொன்றின் கடவுச்சொல் பறிபோனதைக் காவல்துறையே ஒப்புக்கொண்டது. கடவுச்சொல்லை மாற்றிவிட்டார்கள். நல்லது. கசிந்தது ஒருவருடைய முகமாயின் அவர் எதை மாற்றிக்கொள்வார்?

அரசைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், நாமே விரும்பி வீட்டுக்குள் அழைத்து வந்த ஒற்றனை மறந்துவிடுவோம். முன்பெல்லாம் ரமளான் பிறக்கும் முன் ஜவுளிக்கடைக்காரர்களும் நகைக்கடைக்காரர்களும் சஹர், இஃப்தார் நேர அட்டை அச்சிட்டுக் கொடுப்பார்கள். சமையலறைச் சுவரில் ஒட்டி வைப்போம். அந்த அட்டை நமக்கு நேரத்தைச் சொன்னது. நம்மைப் பற்றி யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. பிறகு தொழுகை நேரச் செயலிகள் வந்தன. கிப்லாவின் திசை காட்ட நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டும் என்று கேட்டன. நியாயம்தானே என்று அனுமதித்தோம். உலகெங்கும் 9 கோடிக்கு மேல் பதிவிறக்கப்பட்ட "முஸ்லிம் ப்ரோ" என்ற செயலியிலிருந்து பயனாளரின் இருப்பிடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போவதையும், அந்நிறுவனம் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களுக்கு இத்தகைய தகவலை விற்பதையும் 2020 நவம்பரில் மதர்போர்டு என்ற செய்தித் தளம் வெளிப்படுத்தியது. செயலிக்குள் பொதித்து வைத்த ஒரு சிறு நிரல் போதும். யார் எந்தப் பள்ளிவாசலுக்கு எத்தனை மணிக்குப் போனார், எப்போது வீடு திரும்பினார் என்பது ஒரு சரக்காகிவிடுகிறது. செய்தி வெளிவந்ததும் அந்தத் தரகரோடு உறவை முறித்துக்கொண்டதாகச் செயலி நிறுவனம் அறிவித்தது. 2024 ஜனவரியில் அமெரிக்க வணிக ஆணையம் எக்ஸ்-மோடின் வாரிசு நிறுவனத்தை, வழிபாட்டிடம், மருத்துவமனை போன்ற நுண்ணிய இருப்பிடத் தகவல்களை விற்கக் கூடாது என்று கட்டுப்படுத்தியது. ஒரு செய்தியாளர் கேள்வி கேட்டதால் நடந்தது இது. தொழுகையாளிகளான நாம் கேட்டோமா என்றால், இல்லை.

பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் விதித்தால் திருந்திவிடும் என்ற நம்பிக்கையும் அவ்வளவு திடமானதன்று. கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தில் 8.7 கோடிப் பேரின் தகவல் கைமாறியிருக்கலாம் என்று ஃபேஸ்புக் 2018-இல் ஒப்புக்கொண்டது. இந்தியாவில் மட்டும் 5.62 இலட்சம் பேர். மறு ஆண்டு அமெரிக்க அரசு 500 கோடி டாலர் அபராதம் விதித்தது. அந்தச் செய்தி கசிந்த நாளில் நிறுவனத்தின் பங்கு விலை ஏறியது! சந்தைக்கு அது ஒரு செலவுக் கணக்கு, அவ்வளவுதான். நம் நாட்டில், 2021-இல் வாட்ஸ்அப் கொண்டுவந்த "ஏற்றுக்கொள், இல்லையேல் வெளியேறு" என்ற நிபந்தனைக்காக மெட்டாவுக்குப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்த வாட்ஸ்அப்பில்தான் நம் ஜமாஅத் அறிவிப்பு, மதரஸா விடுமுறை, நிக்காஹ் அழைப்பு, மையித்துச் செய்தி எல்லாம் வருகின்றன. வெளியேறு என்றால் எங்கே வெளியேறுவது?

தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டம், தவறும் நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கிறது. அதே சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்ற காரணங்களைச் சொல்லித் தன் அமைப்புகளில் எதையும் விலக்கிவைக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்கே கொடுத்தது. போதாததற்குத் தகவல் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவையும் திருத்தி, "தனிநபர் தகவல்" என்று கூறி மறுப்பதை எளிதாக்கிவிட்டது. குடிமகனைக் காக்க நெய்த போர்வையின் பெரும்பகுதியை அதிகாரியே இழுத்துப் போர்த்திக்கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது என்று கேட்போர் உண்டு. பிறருடைய குறைகளைத் துருவி ஆராய்வதை அல்-ஹுஜுராத் அத்தியாயத்தின் 12-ஆம் வசனம் தடுக்கிறது. பிறர் வீட்டினுள் அனுமதியின்றி நுழைவதை அந்-நூர் அத்தியாயத்தின் 27-ஆம் வசனம் தடுக்கிறது. ஆட்சியாளர் குடிமக்கள்மீது ஐயம் கொண்டே அலைவதால் விளையும் கேட்டைப் பற்றிய நபிமொழி அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். இரவு ரோந்து சென்ற கலீஃபா உமர் (ரலி), ஒரு வீட்டிலிருந்து சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதிக்கிறார். உள்ளே ஒருவர் பாவச் செயலில் இருக்கிறார். கையும் களவுமாகப் பிடிபட்டவர் அஞ்சி நடுங்கவில்லை. நான் செய்தது ஒரு தவறு, நீங்கள் செய்தவை மூன்று, துருவிப் பார்த்தீர்கள், வாசல் வழியே வரவில்லை, ஸலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை என்று கணக்கெடுத்துச் சொல்கிறார். உமர் (ரலி) திரும்பிச் செல்கிறார்.

உமர் (ரலி) அவர்களின் சட்டைத் துணிக்குப் பொதுச் சபையில் கணக்குக் கேட்ட வரலாற்றையும் மிம்பர்தோறும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதைச் சொல்லும்போதெல்லாம் பதில் சொன்ன கலீஃபாவின் பெருமையையே பேசுகிறோம். கேள்வி கேட்டவரின் துணிவைப் பேசுவது குறைவு. அப்படி ஒருவர் இன்று நம் ஜமாஅத் கூட்டத்தில் எழுந்து நின்றால், உட்காருங்க பாய் என்றுதான் சொல்வோம்.

சொல்லத்தான் செய்கிறோம். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் செருப்பு வைக்கும் இடத்தில் கேமரா, உண்டியலுக்கு மேல் கேமரா, வுளூச் செய்யும் இடத்தில்கூடக் கேமரா. மின்திரை நிர்வாகியின் அறையில் ஓடுகிறது. ஆனால் உண்டியலில் விழுந்தது எவ்வளவு, வக்ஃபுக் கடைகளின் வாடகை எவ்வளவு, யாருக்குச் சந்தைமதிப்பில் பாதிக்கும் குறைவாக விடப்பட்டிருக்கிறது என்ற கணக்கு எத்தனை பள்ளிவாசல்களின் அறிவிப்புப் பலகையில் மாதாமாதம் ஒட்டப்படுகிறது? ஒட்டும் ஜமாஅத்துகளும் இருக்கின்றன, அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக. ஏனைய இடங்களில் தொழ வருபவனை நிர்வாகம் பார்க்கிறது, நிர்வாகத்தைத் தொழ வருபவன் பார்க்க முடிவதில்லை. காவல் நிலையத்தின் நோய் பள்ளிவாசலுக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது.

வீட்டுக்குள்ளும் இதே சாய்வுதான். மகளின் கைபேசியை இரவில் திறந்து பார்ப்பதைத் தர்பியத் என்று கருதும் வாப்பாமார், மகனின் கைபேசியைத் தொடுவதில்லை. சிறு பிள்ளைக்குப் பாதுகாப்பு வேண்டும், சந்தேகமில்லை. வளர்ந்த பெண்ணுக்குத் தெரியாமல் அவள் இருப்பிடத்தைப் பின்தொடரும் செயலியை நிறுவுவதற்கு வேறு பெயர் உண்டு. அல்-ஹுஜுராத்தின் தடை நம் வீட்டு வாசலோடு நின்றுவிடுவதில்லை.

ஆகவே கேமராவை எதிர்ப்பதா ஆதரிப்பதா என்ற வாதத்தை விட்டுவிட்டு, நம்மால் ஆகக்கூடிய ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம். மேற்சொன்ன 2020 தீர்ப்பு, மாவட்டந்தோறும் ஒரு மேற்பார்வைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. அதில் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் மட்டுமல்லர், நகரப் பகுதியில் மேயரும் ஊர்ப்புறத்தில் மாவட்ட ஊராட்சித் தலைவரும் இடம்பெற வேண்டும். அதாவது நம் வாக்கைக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர்கள். பழுதான கேமரா எத்தனை, பழுது பார்த்தது எப்போது, பதிவு எத்தனை நாள் இருக்கிறது என்று அவர்களைக் கேட்பதற்கு நமக்கு முழு உரிமை இருக்கிறது. மேலப்பாளையத்துக்காரர் தம் மாமன்ற உறுப்பினரிடம், ஏர்வாடிக்காரர் தம் பேரூராட்சிப் பிரதிநிதியிடம் இதுவரை குடிநீரையும் சாலையையும் கேட்டோம், இனி இதையும் சேர்த்துக் கேட்போம்.

எழுத்தில் கேட்பது இன்னும் நல்லது. தகவல் உரிமைச் சட்டம் பல் உதிர்ந்த நிலையிலும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மாநகரப் பகுதியாயின் காவல் ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும், ஏனைய ஊர்களாயின் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் மனு அனுப்பலாம். யாருடைய படத்தையும் கேட்க வேண்டாம். கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க வழி பிறக்கும். நம் காவல் நிலையத்தில் எத்தனை கேமரா, எவை இயங்குகின்றன, ஒலி பதிவாகிறதா, பதிவு எத்தனை நாளில் அழிகிறது, மேற்பார்வைக் குழு கடைசியாகக் கூடிய தேதி எது என்று மட்டும் கேட்போம். எண்ணுக்கும் தேதிக்கும் தனியுரிமை கிடையாது. 30 நாளில் விடை வர வேண்டும். நம் ஊர்களில் வழக்கறிஞர்களும் சட்டம் படிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், ஜும்ஆவுக்குப் பின் பத்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு மஹல்லாவே சேர்ந்து எழுதிவிடலாம். பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும்.

மனு எழுதுமுன் இன்னொன்றையும் செய்யலாம். இந்த நிலையம் கேமராவின் பார்வையில் இருக்கிறது, பதிவு ஆறு மாதத்துக்குக் குறையாமல் பாதுகாக்கப்படும், மனித உரிமை மீறப்பட்டவர் அப்பதிவைப் பத்திரப்படுத்தக் கேட்கலாம் என்று மக்கள் மொழியில் பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு ஒவ்வொரு காவல் நிலையத்தின் வாயிலிலும் உள்ளேயும் இருக்க வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொல்கிறது. அடுத்த முறை பாஸ்போர்ட் விசாரணைக்கோ வேறு அலுவலுக்கோ காவல் நிலையம் செல்லும்போது, உள்ளே நுழையுமுன் அந்தப் பலகை இருக்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இல்லையென்றால் மனுவில் முதல் கேள்வியாக அதையே எழுதிக்கொள்ளுங்கள்.